தண்டிப்பதற்கு மட்டும்தான் மனநல ஆய்வா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி பறித்த வழக்கில் சிறுவர்கள் பிடிபட்ட செய்தி வந்ததிலிருந்து உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. "இவன்களுக்கு மூளையே வேற மாதிரி, நம் வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள்" என்று ஒருவர் எழுதினார். "இவர்கள் அத்தனை பேரும் மனநோயாளிகள், வழக்குப் போடாமல் சிகிச்சை கொடுங்கள்" என்று இன்னொருவர் பதில் எழுதினார். ஒருவர் கோபத்தில் எழுதியது, மற்றவர் இரக்கத்தில் எழுதியது. ஆனால் இரண்டு பேருமே இந்தப் பையன்களை எங்கிருந்தோ வந்த தனி இனமாகத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் தென் மாவட்டங்களில் வேலை. ஒரு சிறுவனைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நாங்கள் பேச்சில் போர்டு என்போம். அங்கே ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூக உறுப்பினர்களும் இருப்பார்கள். அன்றிலிருந்து 15 நாட்களுக்குள் அந்தப் பையனின் வீடு, பள்ளி, சகவாசம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் நேரில் விசாரித்து சமூகப் புலனாய்வு அறிக்கை கொடுக்க வேண்டியது என் போன்றவர்களின் வேலை. அந்தப் படிவத்தில் மனநிலை பற்றியும் எழுத வேண்டும். எத்தனையோ அறிக்கைகளில் அந்த இடத்தில் "இயல்பாக உள்ளார்" என்ற இரண்டே சொற்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையில் இருபது கேஸ் இருக்கும்போது நேரமும் கிடையாது.

சரி, கணக்கைப் பார்ப்போம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரச் சிறார் காவல் இல்லத்தில் 1995 முதல் 1998 வரை 1,829 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. லிண்டா டெப்ளின் என்ற பேராசிரியர் தலைமையில் நடந்தது, 2002-ல் வெளிவந்தது. அங்கே பையன்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாகவும், பெண்பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாகவும் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து "ஒன்பது மடங்கு" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். நாடு வேறு, கேள்வி கேட்ட முறை வேறு. ஆனால் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. அந்தக் கோளாறுப் பட்டியலில் அதிகம் பேருக்கு இருப்பது நடத்தைக் கோளாறு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 19 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் திரட்டி 2021-ல் வெளியிட்ட தொகுப்பில், காவலில் இருக்கும் சிறார்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக வருகிறது. கேட்டதும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நடத்தைக் கோளாறு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? திருடுவது, சண்டை போடுவது, பொய் சொல்லி ஏமாற்றுவது, வீட்டை விட்டு ஓடுவது, பள்ளிக்கு மட்டம் போடுவது. இதைச் செய்ததற்காகத்தான் பிடித்தே வைத்திருக்கிறோம்! காய்ச்சல்காரர்களை மட்டும் பொறுக்கி ஒரு வார்டில் படுக்க வைத்துவிட்டு, இந்த வார்டில் இத்தனை பேருக்குக் காய்ச்சலா என்று வாயைப் பிளக்கிற கதை. அந்த ஒன்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். சிகாகோ ஆய்வில் அதைக் கழித்தும் பார்த்தார்கள். அப்போதும் பையன்களில் 60 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட நின்றது, பெண்பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்.

மிச்சம் நிற்பவை என்ன என்று பாருங்கள். அதே 2021 தொகுப்பின்படி, ஒரு இடத்தில் உட்காரவிடாத, கையை அடக்கவிடாத ஏ.டி.எச்.டி. 100-க்கு 17 பேருக்கு. மனச்சோர்வு பையன்களில் 100-க்கு 10 பேருக்கு, பெண்பிள்ளைகளில் 26 பேருக்கு. கண்ட கொடுமை கண்ணை விட்டுப் போகாமல் வாட்டுகிற பி.டி.எஸ்.டி. பையன்களில் ஒன்பது பேருக்கு, பெண்பிள்ளைகளில் 18 பேருக்கு. ஊர் "பைத்தியம்" என்று சொல்லிப் பயப்படுகிற தீவிர மனநோய் 100-க்கு மூன்று பேருக்குக்கூட இல்லை. "மூளையே வேற" என்று எழுதிய வாசகர் இந்தப் பட்டியலை ஒரு தரம் படிக்கட்டும். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இதில் இல்லை. எல்லாமே நம் தெருவில் இருக்கிற பிரச்சினைகள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் தினமும் பார்க்கிறவை, மருந்தும் பயிற்சியும் உள்ளவை.

இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் பையனின் அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா குடித்தே போய்விட்டார். மூன்றாம் வகுப்பிலிருந்தே அவன் மேல் புகார். பெஞ்சில் உட்கார மாட்டான், பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்குவான், கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்துவான். டீச்சர் அவனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. "சின்னதுலயே அப்படித்தாம்மா, ஒரு எடத்துல இருக்க மாட்டான். சாப்பாட்டு மணி அடிச்சாத்தான் அவன உள்ள கூப்பிடுவாங்க" என்றார் அந்த அம்மா, தட்டைக் கீழே வைக்காமல், இலையை வெட்டிக்கொண்டே. எல்லாரையும் போல எட்டாம் வகுப்பு வரை தேறிவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வரி எழுத்துக்கூட்டத் தெரியாது. அதோடு நின்றான். ஒரு ஒர்க் ஷாப்பில் எடுபிடி வேலை, அங்கே பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள். 15 வயதில் கடைத்தெருவில் சாவியோடு நின்ற பைக்கை எடுத்து ஓட்டினான். பெட்ரோல் தீர்ந்த இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு நடந்து வந்தான். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. ஒன்றைக்கூட விற்கவில்லை, விற்கிற யோசனையும் அவனுக்கு இல்லை. ஸ்டேஷனில் கேட்டபோது அந்தப் பகுதியில் காணாமல் போன வண்டி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். கேட்பவரைச் சீக்கிரம் திருப்திப்படுத்திவிட்டு எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான் அவன் கணக்கு. வாகனத் திருட்டு, பல வழக்குகள் என்று கோப்பு தடித்தது.

இரண்டாவது பையன் எனக்குத் தெரிந்த குடும்பம். அப்பா வங்கி அதிகாரி. இவனும் அதே மூன்றாம் வகுப்பில் அதே ஆட்டம்தான். மேசை மேல் ஏறி நின்றவன். தனியார் பள்ளி டீச்சர் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டு, "திட்டாதீங்க, ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். மதுரையில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போனார்கள். காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு பயிற்சி, அவனைச் சமாளிக்க அம்மா அப்பாவுக்கும் ஒரு பயிற்சி. அவனும் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. 15 வயதில் அப்பா தூங்கும்போது காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு டீக்கடைப் பந்தலில் ஏற்றினான். ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசி, கடைக்காரருக்குப் பணம் கொடுத்து, அன்று ராத்திரியே முடித்துவிட்டார்கள். இப்போது பொறியியல் படிக்கிறான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டியதுதான்.

நாளைக்கே யாராவது வந்து குற்றம் செய்த சிறாரையும் மற்றச் சிறாரையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தால், முதல் பையன் அட்டவணையின் ஒரு பத்தியில் வருவான், இரண்டாமவன் அடுத்த பத்தியில் வருவான். முதல் பத்தியில் கோளாறு அதிகம் என்று முடிவு வரும். இரண்டு பேருக்கும் கோளாறு ஒன்றுதான் என்பது அந்த அட்டவணையில் எங்கே தெரியும்? ஒருவனுக்கு வைத்தியம் நடந்தது, அவன் செய்தது கணக்கில் ஏறவில்லை. மற்றவனுக்கு வைத்தியம் நடக்கவில்லை, செய்தது ஒவ்வொன்றும் ஏறியது. நாம் அளக்கிற வித்தியாசத்தில் ஒரு பெரும்பங்கு இதுதான் என்று என் வேலை அனுபவத்தில் அடித்துச் சொல்வேன்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் வேலை செய்த டெர்ரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-ல் ஒன்றை எழுதினார். வளரிளம் பருவத்தில் சட்டத்தை மீறுவது பரவலாக நடப்பது, பெரும்பாலோர் வயது ஏற ஏற விட்டுவிடுகிறார்கள், சின்ன வயதிலேயே ஆரம்பித்துக் கடைசி வரை தொடர்கிறவர்கள் சிறு பகுதிதான் என்றார். அந்தச் சிறு பகுதியில்தான் நரம்பு வளர்ச்சிச் சிக்கலும் வீட்டு நரகமும் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கின்றன. அப்படியானால் எல்லாரையும் நோயாளி என்பதும் தவறு, எல்லாரையும் ரவுடி என்பதும் தவறு. யார் எந்தப் பக்கம் என்று உட்கார்ந்து பார்த்தால் ஒழியத் தெரியாது.

உட்கார்ந்து பார்ப்பது என்றால் "சோகமா இருக்கியாப்பா?" என்று கேட்பது இல்லை. எந்தப் பையனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும் என்பது மனநல மருத்துவர்கள் கையேட்டிலேயே இருக்கிறது. தட்டைத் தள்ளிவிடுவான், எதிர்த்துப் பேசுவான், சுவரில் குத்துவான். வார்டன் அதற்கு வைத்திருக்கும் பெயர் திமிர். ஒரு சிறார் இல்லத்தில் ஒரு பையன் சட்டையைக் கழற்றிக் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். அதற்கும் திமிர் என்றார்கள். கை முழுக்க பிளேடு கோடு அவனுக்கு, தானே கிழித்துக்கொண்டது. இதில் என்னால் இன்றும் மறக்க முடியாதது என்னவென்றால், காவல்துறைக் காகிதத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் "இடது முன்கையில் பழைய வெட்டுத் தழும்புகள்" என்று சுத்தமாக எழுதியிருந்தார்கள். பார்த்திருக்கிறார்கள், எண்ணியிருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தே தூங்குகிறவர்கள் உண்டு. அப்பா வெட்டுப்பட்டதை நேரில் பார்த்தவன், அம்மா தீ வைத்துக்கொண்டபோது கதவைத் தட்டியவன். சிகாகோவில் அதே ஆய்வில் 92 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி ஏதோ ஒரு பெரிய அதிர்ச்சியை வாழ்க்கையில் சந்தித்தவர்கள் என்று வந்தது. எனக்கு அந்த எண்ணில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

இப்படிப்பட்டவர்களை எந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்? 2022 டிசம்பர் கடைசியில் வழக்கு நடக்கும்போது சிறாரை வைத்திருக்கும் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாக வழக்கு. அடித்ததாக இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகுதான் இந்த இல்லங்களின் நிர்வாகத்தைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. சென்னை மாகாணம் 1920-லேயே குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது, நாட்டில் முதலாவது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நூறு வருடம் கழித்தும் அந்த இல்லத்துக்குள் ஒரு பிள்ளை ராத்திரி பயமில்லாமல் தூங்க முடிகிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, எண்ணிக்கை குறைவு என்பதால். மேலே சொன்ன எண்களை இன்னொரு தரம் பாருங்கள். மனச்சோர்வும் பி.டி.எஸ்.டி.யும் அவர்களுக்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. ஆனால் அவர்கள் சத்தம் போடுவதில்லை, ஓரமாக இருந்துவிடுகிறார்கள். அதனால் அறிக்கையில் "ஒழுங்காக உள்ளார்" என்று வந்துவிடுகிறது.

நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான். இந்தப் பிள்ளைகளின் மனதை வல்லுநர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும் என்று நம் சட்டம் எப்போது வற்புறுத்துகிறது தெரியுமா? 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், பிரிவு 15. பதினாறு வயது நிரம்பியவன், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் உள்ள கொடுங்குற்றம் செய்ததாகப் புகார் வந்தால், அதைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு புரியுமா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று போர்டு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்கு மூன்று மாதம் அவகாசம். அதில் தேறிவிட்டால், தேறிவிட்டால் என்று சொல்வதே கொடுமைதான், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், போர்டில் குழந்தை உளவியலோ மனநலமோ படித்துத் தொழில் செய்கிறவர் இல்லாவிட்டால் இந்த மதிப்பீட்டுக்கு வல்லுநர் உதவி கட்டாயம் என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறேன்.

ஆனால் பைக் எடுத்து ஓட்டிய பையனுக்கு? கையைக் கிழித்துக்கொண்டவனுக்கு? அவர்கள் கொடுங்குற்றம் செய்யவில்லை, அதனால் பிரிவு 15 அவர்கள் பக்கமே வராது. வழக்குகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். 2016-ம் ஆண்டு மாதிரி விதிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனநலப் பதிவேடு, தனித்தனிப் பராமரிப்புத் திட்டம், பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) எல்லாம் எழுதியிருக்கிறது. நான் பார்த்த இடங்களில் பதிவேடு இருந்தது. ஆற்றுப்படுத்துநரும் இருந்தார், ஒப்பந்த அடிப்படையில், சொற்பச் சம்பளத்தில், பாதி நேரம் கணினியில் தகவல் ஏற்றும் வேலையோடு. இவனைத் தண்டிக்கலாமா என்று தெரிந்துகொள்ள மனநல மருத்துவரைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் அலைகிறோம். இவனுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆள் இல்லை என்கிறோம்.

செய்ய முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் சிறார் இல்லங்களில் மேசி என்று ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 52 கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில், கால் மணி நேரம். மருத்துவர்தான் கேட்க வேண்டும் என்பது இல்லை. அதை அப்படியே தமிழாக்கிக் கொண்டுவந்து வைக்கச் சொல்லவில்லை. நம் பையன்கள் பேசுகிற பேச்சில், "ராத்திரி திடுக்குனு முழிக்கிறியா", "செத்துப்போயிரலாம்னு தோணியிருக்கா" என்று கேட்கிற மாதிரி கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்காரர்கள் ஒன்றைச் செய்து கொடுக்கலாம். இல்லத்துக்கு வந்த முதல் சில நாட்களில் ஒரு தரம், சில வாரம் கழித்து இன்னொரு தரம். இரண்டாவது தரம் ஏன் என்றால், பிடிபட்ட மறுநாள் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது. சொல்யூஷனோ மாத்திரையோ கஞ்சாவோ பழகியவனுக்கு அது நின்ற நடுக்கம் வேறு. அதை வைத்து நோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. இரக்கத்தோடு எழுதிய வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டும். இந்தப் பையன்களுக்கு ஏற்கனவே "ஜுவனைல்" என்று ஒரு பெயர் இருக்கிறது. அதோடு "மெண்டல்" என்பதும் சேர்ந்தால் அவனைச் சேர்த்துக்கொள்ள எந்த ஐ.டி.ஐ.யும் ஒர்க் ஷாப்பும் முன்வராது. மனநலச் சிக்கல் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் வாழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தக் கேள்வியில் யாருக்குப் பிரச்சினை தெரிகிறதோ அவர்களை மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் பார்க்கட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார். அவர் மாதத்தில் ஒரு நாள் இல்லத்துக்கு வரலாம், அல்லது பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம், போலீஸ் சீருடை இல்லாமல். அந்த அறிக்கை சிகிச்சைக்கு மட்டும் என்று போர்டு எழுத்தில் சொல்ல வேண்டும். பையன் டாக்டரிடம் மனம் விட்டுச் சொன்னது அவன் வழக்கிலேயே அவனுக்கு எதிராக வந்து நின்றால், அடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒன்று. முகத்தை மங்கலாக்கிப் படம் போட்டுவிட்டு, தெருப் பெயரையும் பள்ளிப் பெயரையும் செய்தியில் கொடுக்கிறீர்கள். பிரிவு 74-ன்படி அதுவும் குற்றம். அந்தப் பையன் ஊருக்குத் திரும்பி அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கஷ்டம். இல்லத்தில் இருக்கும்போது சிலருக்கு மருந்து ஆரம்பிப்பார்கள். நன்றாகவே கேட்கும். பிறகு ஜாமீன் வரும். அம்மா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போவார். மருந்துச் சீட்டு கோப்பிலேயே இருக்கும், கோப்பு அலுவலகத்திலேயே இருக்கும். பீடிக் கூலியில் இருக்கிற அந்த அம்மாவுக்கு மருந்து இலவசமாக எங்கே கிடைக்கும், எந்தக் கிழமை போக வேண்டும், மனநல உதவிக்கு 14416 என்று ஒரு தொலைபேசி எண் இருக்கிறது என்பதெல்லாம் யாரும் சொல்வதில்லை. விடுவிக்கும் உத்தரவோடு மருந்துச் சீட்டின் நகலையும், ஒரு மாத மருந்தையும், அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியையும் அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்று போர்டு ஒரு வரி சேர்த்தால் போதும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, புது நிதியும் தேவையில்லை. துறை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த திங்கட்கிழமையிலிருந்தே நடக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்)